தூறல் நாளில் சும்மா இருக்கும் கைகள்

லண்டனில் ஓர் ஆண்டில் பெய்யும் மழை ஏறத்தாழ 600 மில்லிமீற்றர். யாழ்ப்பாணத்தில் பெய்வது அதைப்போல் இரண்டு மடங்கு. இதைச் சொன்னால் நம்மவரில் பலர் நம்பமாட்டார்கள். "இந்த ஊரில் எந்நாளும் மழைதானே" என்பார்கள். அவர்கள் சொல்வதிலும் பிழையில்லை. யாழ்ப்பாணத்து மழை ஐப்பசி, கார்த்திகை, மார்கழி என்று மூன்று மாதத்துக்குள் பெரும்பகுதியைக் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். லண்டன் மழையோ சித்திரை, ஆடி என்று பாராமல் ஆண்டு முழுவதும் சிறுசிறு தூறலாகத் தன்னைப் பங்கிட்டுக்கொள்கிறது.

இது வானிலை ஆராய்வோருக்கு மட்டும் உரிய செய்தியன்று. உத்தியோகத்திலிருந்து இளைப்பாறியவர்களின் பொழுதை ஆட்டிவைப்பதே இந்தத் தூறல்தான். ஊரில் மாரி மழை பிடித்தால் ஒழுங்கையில் வெள்ளம் நிற்கும். போவதா விடுவதா என்ற கேள்விக்கே இடமில்லை. முடிவை மழையே எடுத்துவிடும். இங்கே தூறல் எந்த முடிவையும் எடுப்பதில்லை. மழை என்று சொல்லவும் முடியாது, வெளித்தது என்று சொல்லவும் முடியாது. முடிவெடுக்கும் பொறுப்பு யன்னலோரம் நிற்பவர் தலையில் விழுகிறது.

முப்பது, நாற்பது ஆண்டுகள் இதே தூறலில்தான் அவர் வேலைக்குப் போனார். அப்போது ஒருநாளாவது யன்னலைப் பார்த்து யோசித்திருப்பாரா? மணிக்கூடு அவருக்காக முடிவெடுத்தது. இப்போது அவரை எதிர்பார்த்து எங்கும் ஒருவரும் காத்திருக்கவில்லை. முதியோருக்கான இலவசப் பயண அட்டை கிழமை நாட்களில் காலை 9 மணிக்குப் பிறகுதான் பஸ்ஸில் செல்லும். ஆகவே 9 மணி வரை பொறுக்கலாம் என்று முதல் தேநீர். 9 மணிக்குத் தூறல் சற்று வலுக்கிறது. விடட்டும் என்று இரண்டாவது தேநீர். சப்பாத்தைப் போட்டுக் குடையைக் கையில் எடுக்கும்போது மகளின் தொலைபேசி: "மழைக்குள்ளை எங்கை அப்பா போறியள்? பேசாமல் வீட்டிலை இருங்கோ, சளி பிடிக்கும்." சப்பாத்துக் கழன்றுவிடுகிறது. பன்னிரண்டு மணிக்கு வெளிக்கிறது. அதற்குள் உச்சிப் பூசை முடிந்திருக்கும். மார்கழி மாதமென்றால் நாலு மணிக்கே இருட்டிவிடும். அன்றைய நாள் போயிற்று. அதைக் கொண்டுபோனது தூறலன்று, தயக்கமே.

இதைச் சோம்பல் என்று பிள்ளைகள் சொல்வது சரியன்று. சோம்பேறிக்கு இந்த அவதி கிடையாது. சும்மா இருத்தலைத் தாயுமானவர் போன்ற பெரியோர் உயர்ந்த நிலையாகப் போற்றியிருக்கின்றனர். யன்னலோரத்துச் சும்மா அந்தச் சும்மா அன்று. அங்கே கைதான் சும்மா இருக்கிறது. மனம் போவதற்கும் விடுவதற்குமிடையில் ஊஞ்சலாடிக் களைக்கிறது. மாலையில் கேட்டால் "ஒன்றும் செய்யவில்லை, ஆனாலும் உடம்பெல்லாம் அலுப்பு" என்பார்கள். அது பொய்யில்லை.

பெரிய மனிதர்களையும் இந்தத் தயக்கம் விட்டுவைத்ததில்லை. 1915ஆம் ஆண்டில் கடற்படை அமைச்சர் பதவியை இழந்த வின்ஸ்டன் சர்ச்சில், மனச்சோர்வுக்கு மருந்தாக நாற்பதாவது வயதில் ஓவியம் தீட்டத் தொடங்கினார். (சர்ச்சில் என்றதும் சிலர் முகம் சுளிப்பது தெரிந்ததே. அது வேறு கணக்கு, இங்கே தீர்க்க வேண்டியதில்லை.) வெள்ளைத் துணியில் விதையளவு நீலப் பொட்டு ஒன்றை வைத்துவிட்டு, அதற்குமேல் தூரிகையைக் கொண்டுபோகத் துணிவில்லாமல் நின்றதை அவரே பின்னர் எழுதியிருக்கிறார். அவ்வேளை அங்கு வந்த ஹேசல் லேவரி என்னும் அம்மையார், ஓவியர் ஜோன் லேவரியின் மனைவி, பெரிய தூரிகையை வாங்கித் துணியில் நீலத்தை அள்ளி இழுத்துவிட்டார். பயம் தெளிந்தது. அதன்பின் சர்ச்சில் தீட்டிய ஓவியங்கள் ஐந்நூறுக்கு மேல். வேண்டியிருந்தது முதற் கோட்டை இழுக்க ஒரு கை மட்டுமே.

ஊரில் மாரி காலத்தில் பெட்டி இழைத்த பெண்களுக்கு அந்தக் கை தேவைப்படவில்லை. பனையோலையை நனைத்துப் பதப்படுத்தித்தான் இழைக்க வேண்டும். ஈரக் காற்று அதற்கு நல்ல துணை. கடகம், குட்டான், நீத்துப்பெட்டி என்று ஏதோவொன்று எப்போதும் அரைவாசியில் விறாந்தை மூலையில் கிடக்கும். மழை பிடித்ததும் அதை மடியில் எடுத்து வைத்துக்கொள்வார்கள். இன்று என்ன செய்யலாம் என்று எவரும் கேட்டதில்லை. நேற்று விட்ட ஓலைதான் இன்றைய விடை.

லண்டன் வீடுகளில் குறைவது இதுதான். அரைவாசியில் கிடக்கும் வேலை ஒன்றுமில்லை. எல்லாம் துடைத்து மடித்து அலுமாரிக்குள் இருக்கிறது. இளைப்பாறியதும் சிலர் பெரிய திட்டம் போடுகின்றனர்: குடும்ப வரலாறு முழுவதையும் எழுதுவது, வீணை படிப்பது, திருமுறை முழுவதையும் மனனம் செய்வது. நல்ல எண்ணங்களே. ஆனால் தூறல் நாட் காலையில் பன்னிரு திருமுறையும் சேர்ந்து மலைபோல் எதிரே நின்றால் எவருக்குத்தான் கை எழும்பும்? அந்த நேரத்துக்கு ஏற்றது சின்ன வேலை. சதுரக் கோட்டுக் கொப்பியில் ஏழு புள்ளிக் கோலம் ஒன்று. நிறக் கடுதாசியில் நாலு முழத் தோரணம். பழைய சேலைக் கரையில் சுவாமி அறைக்கு ஒரு திரைச்சீலை. ஊர்க் கோயில் வீதியை நினைவில் இருந்தபடி பென்சிலால் கீறிப் பார்ப்பது. தேர்முட்டி எந்தப் பக்கம், கேணி எந்தப் பக்கம் என்று கீறும்போதுதான் தெரியும் எவ்வளவு மறந்துபோயிற்று என்று. இவற்றில் ஒன்றைப் பாதியில் நிறுத்தி மேசைமேல் அப்படியே விட்டுவிடுவது நல்லது. விருந்தாளி வந்தால் வீடு கொஞ்சம் அலங்கோலமாகத்தான் தெரியும். தெரியட்டும்.

"இதெல்லாம் சின்னப்பிள்ளை விளையாட்டு, எனக்கேன்?" என்று கேட்கும் ஆண்களும் உண்டு. கணக்கு எழுதிய கை, மருந்து எழுதிய கை, கத்தரிக்கோல் பிடிப்பதா என்ற கூச்சம் போலும். ஊர்க் கோயில்களில் பூமாலை கட்டிய பண்டாரம் ஆண்தான் என்பதை அவர்கள் மறந்துவிட்டனர்.

இங்கே கோயிற் சங்கங்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். முதியோருக்கென்று சங்கங்கள் செய்வது பெரும்பாலும் என்ன? ஒரு சொற்பொழிவு, ஒரு மதிய போசனம், ஆண்டுக்கொரு பஸ் சுற்றுலா. மூன்றிலும் முதியவர் கதிரையில் இருப்பவரே. அதேவேளை கோயில் வாசலில் தொங்குவது பிளாஸ்ரிக் மாவிலைத் தோரணம். தீபத்துக்குத் திரி பொதியாக வாங்கப்படுகிறது. தோரணம் பின்னத் தெரிந்தவர்கள் யன்னலோரம் நிற்க, அந்த வேலையைக் கடைக்குக் கொடுத்துக் காசும் கொடுப்பது என்ன கணக்கு? செலவு சிறிதுதான். இழப்பு வேறிடத்தில். 1983க்குப் பின்னர் இளைஞராக வந்து சேர்ந்தவர்களும் இன்று இளைப்பாறும் வயதுக்கு வந்துவிட்டனர். அவர்களுக்கு முந்தியவர்களின் கையில்தான் பெட்டி இழைக்கும் பழக்கமும் மாலை தொடுக்கும் பழக்கமும் மிச்சமிருக்கின்றன. அந்தக் கைகளிலிருந்து இன்னொரு கைக்கு அது போகாவிட்டால் பேரப்பிள்ளைகள் கற்றுக்கொள்ள ஆளிருக்காது. காணொளியில் பார்த்துக் கற்கலாம்தான், முடிச்சு எங்கே பிழைத்தது என்று காணொளி சொல்லாது.

கோயிலுக்கு உதவினால்தான் கைவேலை என்று கட்டாயப்படுத்தவும் கூடாது. எவருக்கும் காட்டாமல் இலாச்சியில் கிடக்கும் கோலக் கொப்பியும் கொப்பிதான். கை நடுங்குவோரும், கண் தெளியாதோரும் இருக்கின்றனர். பஞ்சை விதை நீக்கிப் பிரித்துக் கொடுக்க நல்ல கண் வேண்டியதில்லை. ஆயினும், தன்னை எங்கோ ஒருவர் எதிர்பார்க்கிறார் என்ற உணர்வு வேண்டுவோர்க்குச் சங்கம் அதைக் கொடுக்கலாம். பெரிய ஏற்பாடு ஒன்றும் தேவையில்லை. ஞாயிறு பூசை முடிந்ததும் பஞ்சு, நூல், நிறக் கடுதாசி ஆகியவற்றைச் சிறு பைகளிலிட்டு, பிரசாதம் கொடுக்கும் மேசைக்குப் பக்கத்தில் வைத்தாற் போதும். விரும்பியவர் எடுத்துச் செல்வார். முடிந்ததை அடுத்த ஞாயிறு கொண்டுவருவார். முடியாததை வீட்டு மேசையில் விட்டு வருவார். கார்த்திகை விளக்கீட்டுக்கு ஆயிரம் திரியாவது வேண்டும். புரட்டாதியிலேயே பைகளை வைக்கத் தொடங்கினால் நேரம் சரியாக இருக்கும்.