21 வயது: டெக்சஸ் சட்டமன்றத்துக்கு எங்கள் கோரிக்கைச் சாசனம்

டெக்சஸில் வீடு வாங்கி, வரி கட்டி, வாக்களித்து, பிள்ளைகளை இங்குள்ள பள்ளிகளுக்கு அனுப்பும் தமிழ்ப் பெற்றோர் நாங்கள். ஆஸ்டினில் கூடும் சட்டமன்றம் எங்களுடையது. அதன் 150 அவை உறுப்பினர்களும் 31 செனட்டர்களும் எங்களுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர்கள். அவர்களிடமும் ஆளுநரிடமும் நாங்கள் கேட்பவை இவை.

முதலாவது, மேகசினைக் கழற்றி மாட்டக்கூடிய, .22 காலிபருக்கு மேற்பட்ட அரைத்தானியங்கி ரைஃபிள்களை 21 வயது நிரம்பாத எவருக்கும் விற்கக் கூடாது. 2022 மே 24 அன்று யுவால்டியின் ராப் தொடக்கப் பள்ளிக்குள் புகுந்து 19 குழந்தைகளையும் 2 ஆசிரியைகளையும் கொன்றவனுக்கு 18 வயது முடிந்து எட்டு நாள்தான் ஆகியிருந்தது. 17 வயதில் தனக்குத் துப்பாக்கி வாங்கித் தரும்படி இரண்டு பேரையாவது கேட்டிருக்கிறான், அவர்கள் மறுத்துவிட்டார்கள் என்று சட்டமன்றத்தின் விசாரணைக் குழுவே எழுதியிருக்கிறது. பிறந்தநாளுக்கு மறுநாள் கடைக்குப் போய் முதல் ரைஃபிளைச் சட்டப்படி வாங்கினான். அடுத்த மூன்று நாளில் இன்னொன்றையும் வாங்கினான். அதுவரை அவன் கைக்குத் துப்பாக்கி வராமல் நின்றதற்கு வயது வரம்பே காரணம். அந்த வரம்பு 21 ஆக இருந்திருந்தால் அந்தக் கடை அவனைத் திருப்பி அனுப்பியிருக்கும். இதே டெக்சஸில் பீர் வாங்க 21 வயது ஆக வேண்டும், சிகரெட்டுக்கும் அப்படியே. 1968-ன் கூட்டாட்சிச் சட்டம்கூட லைசென்ஸ் உள்ள கடைகள் கைத்துப்பாக்கி விற்க 21 என்றும், ரைஃபிள் விற்க 18 என்றும்தான் வகுத்தது. அந்த 18-ஐ உயர்த்த மாநிலத்துக்குத் தடை ஏதும் அதில் இல்லை.

இரண்டாவது, இதற்கான மசோதாவை அவையில் வாக்கெடுப்புக்கு விடுங்கள். 2023-ல் யுவால்டி தொகுதியின் உறுப்பினர் டிரேசி கிங் இதைத்தான் எச்.பி. 2744 என்று கொண்டுவந்தார். பிள்ளைகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் மணிக்கணக்காகக் காத்திருந்து குழுவின் முன் சாட்சி சொன்னார்கள். மே 6 அன்று ஆலன் நகர வணிக வளாகத்தில் எட்டுப் பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். அங்கே சுட்டவனுக்கு வயது 33, இந்தச் சட்டம் அவனைத் தடுத்திருக்காது என்பதையும் சொல்லிவிடுகிறோம். ஆனால் அந்தத் துக்கத்தின் நடுவில்தான், மே 8 அன்று, குழு அசைந்து கொடுத்தது. ரிபப்ளிகன் உறுப்பினர் இருவரின் ஆதரவும் சேர 8-க்கு 5 என்று மசோதா குழுவில் தேறியது. மறுநாள் இரவோடு அவையின் பட்டியலில் ஏற்றும் கெடு முடிந்துவிட்டது. வாக்கெடுப்பு நடந்து தோற்றிருந்தாலாவது யார் எதிர்த்தார் என்று தெரிந்திருக்கும். 2025 கூட்டத்தொடரும் சட்டம் இல்லாமலேயே முடிந்தது.

அதனால் மூன்றாவதாக ஆளுநரிடம் கேட்கிறோம்: இதை அவசரப் பொருளாக அறிவியுங்கள். நம் சட்டமன்றம் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை 140 நாள் கூடுகிறது. முதல் 60 நாளில் அவசரப் பொருள் என்று நீங்கள் குறித்த மசோதாக்கள்தான் பொதுவாக வாக்கெடுப்புக்கு வர முடியும். 2027 ஜனவரியில் அந்தக் குறிப்பு வந்தால் மார்ச்சுக்குள் வேலை முடியும். வராவிட்டால் மறுபடியும் மே மாதக் கெடுவில் போய் முட்டும். அதற்கு முன்பேகூட முடியும். 2023-ல் மட்டும் நான்கு சிறப்புக் கூட்டத்தொடர்களைக் கூட்டினீர்கள். ஃபுளோரிடாவைப் பாருங்கள், துப்பாக்கி அங்கேயும் வீட்டுப் பொருள்தான், ஆட்சியும் ரிபப்ளிகன் ஆட்சிதான். 2018 பிப்ரவரி 14 அன்று பார்க்லாந்து பள்ளியில் 19 வயதுக்காரன் ஒருவன் 17 பேரைக் கொன்றான். மார்ச் 9 அன்று ஆளுநர் ரிக் ஸ்காட் வயதை 21 ஆக்கிக் கையெழுத்திட்டார். 23 நாள்.

எங்களில் ஒருவரின் மகள் முதல் வகுப்பில் படிக்கிறாள். பள்ளியில் லாக்டவுன் பயிற்சி நடந்த அன்று வீட்டுக்கு வந்து சொன்னாள்: "லைட்டை அணைச்சிட்டு எல்லாரும் மூலையில உக்காந்தோம்மா. என் ஷூ அசைஞ்சா மினுக்குமில்ல, அதான் கழட்டி அதுமேலயே உக்காந்துட்டேன்." ஆறு வயதுப் பிள்ளை தன் பங்குக்குச் செய்ய வேண்டியதைச் செய்துவிட்டது.

நான்காவது, தனியார் விற்பனைக்கும் இதே வயது வேண்டும். லைசென்ஸ் இல்லாத ஒருவர் தன் ரைஃபிளை இன்னொருவருக்கு விற்கும்போது டெக்சஸில் பின்னணிச் சோதனை கட்டாயமில்லை. கடையில் 21 என்று எழுதிவிட்டு வாகன நிறுத்தத்தில் 18 என்று விட்டால் சட்டம் முதல் வாரத்திலேயே ஓட்டையாகிவிடும்.

தாத்தாவோடு மான் வேட்டைக்குப் போகும் பையனுக்கு இதில் இடைஞ்சல் வேண்டாம் என்பதையும் சட்டத்திலேயே எழுதுங்கள். ராணுவத்திலும் காவல் துறையிலும் இருப்பவர்களுக்கு விலக்குக் கொடுங்கள். ஷாட்கன், .22 ரைஃபிள், ஒவ்வொரு தோட்டாவுக்கும் போல்ட்டை இழுத்துச் சுடும் வேட்டை ரைஃபிள் எதற்கும் நாங்கள் இந்த வரம்பைக் கேட்கவில்லை.

ஐந்தாவது, நீதிமன்றம் ரத்து செய்துவிடும் என்று சொல்லித் தள்ளிப்போடாதீர்கள். 18 முதல் 20 வயதினருக்குக் கடைகள் கைத்துப்பாக்கி விற்பதைத் தடுத்த கூட்டாட்சிச் சட்டம் செல்லாது என்று ஐந்தாம் சுற்று மேல்முறையீட்டு நீதிமன்றம் 2025 ஜனவரியில் தீர்ப்பளித்தது. டெக்சஸ் அந்தச் சுற்றுக்குள்தான் வருகிறது, வழி கடினம் என்று அறிவோம். ஆனால் இரண்டே மாதத்தில் பதினொன்றாம் சுற்று நீதிமன்றம் ஃபுளோரிடாவின் சட்டம் செல்லும் என்றது. கூட்டாட்சி அரசை எதிர்த்து எத்தனையோ வழக்குகளை நடத்திய நம் மாநிலத் தலைமை வழக்கறிஞர், குழந்தைகளுக்காக இந்த ஒரு வழக்கையும் உச்ச நீதிமன்றம் வரை நடத்தட்டும். அதற்கு முதலில் சட்டம் வேண்டும்.

கடைசியாக, 2026 நவம்பர் தேர்தலில் நிற்கும் ஒவ்வொரு வேட்பாளரும் இந்த மசோதாவுக்கு ஆதரவா, எதிர்ப்பா என்று எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். "பரிசீலிப்போம்" என்ற பதிலை எதிர்ப்பு என்றே குறித்துக்கொள்வோம். வந்த பதில்களை முன்கூட்டிய வாக்குப்பதிவு தொடங்கும் அக்டோபருக்குள் தொகுதிவாரியாக அச்சிட்டு, எங்கள் தெருக்களில் வீடு வீடாகக் கொடுப்போம்.