ஏலக்காய்: கடையிலா, கைப்பேசியிலா?

போடிநாயக்கனூரில் வசிக்கும் ஓய்வுபெற்ற பொருளியல் பேராசிரியர் என்பதால், வெளியூர் உறவினர்களும் பழைய மாணவர்களும் என்னிடம் தவறாமல் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு. ஏலக்காயைப் போடிக் கடையில் வாங்கி அனுப்பச் சொல்வதா, கைப்பேசியில் தேடி இணையத்தில் வாங்கிக்கொள்வதா? எது விலை குறைவு, எதை நம்பலாம்? பண்டிகைக் காலம் நெருங்கினால் இந்தக் கேள்வி வாரத்துக்கு இரண்டு முறையாவது வரும்.

இது ஏதோ வீட்டுச் சமையலறையோடு முடிந்துபோகும் விஷயமல்ல. சிறு கடைகளின் எதிர்காலம், நுகர்வோரின் உரிமை, மலையில் காய் பறிப்பவருக்கும் போடியில் அமர்ந்து தரம் பிரிக்கும் பெண்களுக்கும் கிடைக்கும் கூலி ஆகிய அனைத்தும் இந்தக் கேள்விக்குள் அடங்கியிருக்கின்றன. ஆகவே, சற்று விரிவாகவே இதை ஆராயலாம்.

விலை எங்கே உருவாகிறது?

ஏலக்காயைப் பொறுத்தவரை மலை கேரளத்தில் இருக்கிறது; சந்தையின் பெரும்பகுதி தமிழ்நாட்டில் இருக்கிறது. பூப்பாறை, சாந்தான்பாறை, உடும்பன்சோலை, வண்டன்மேடு என இடுக்கி மாவட்டத்துச் சரிவுகளில் விளையும் காய், உலர்த்தப்பட்ட பிறகு ஏலத்துக்கு வருகிறது. ஏறத்தாழ ஐந்து கிலோ பச்சைக் காயை உலர்த்தினால்தான் ஒரு கிலோ ஏலக்காய் கிடைக்கும். நறுமணப் பொருள் வாரியத்தின் மேற்பார்வையில் போடியிலும் இடுக்கி மாவட்டம் புற்றடியிலும் ஏலங்கள் நடக்கின்றன. 1987-ஆம் ஆண்டின் ஏலக்காய் உரிமம் மற்றும் சந்தைப்படுத்தல் விதிகளின்படி, ஏலம் நடத்துபவரும் உரிமம் பெற வேண்டும். வாங்கும் வணிகரும் உரிமம் பெற வேண்டும்.

குரல் எழுப்பி விலை கேட்கும் பழைய முறை மாறி, 2007-இல் மின்னணு ஏலம் வந்தது. இன்று வணிகர்கள் கணினியின் முன் அமர்ந்து விலை கேட்கிறார்கள். எத்தனை கிலோ வந்தது, எவ்வளவு விற்றது, அதிகபட்ச விலை என்ன, சராசரி விலை என்ன என்ற விவரங்களை வாரியம் தன் இணையதளத்தில் வெளியிடுகிறது. இந்த விலை கடுமையாக ஏறி இறங்கும் இயல்புடையது. 2018 ஆகஸ்டு பெருவெள்ளத்தில் தோட்டங்கள் பாழாயின; தொடர்ந்து மழை பொய்த்தது; 2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் கிலோ ரூ.7,000 என்ற உச்சத்தைத் தொட்டது. அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் சராசரி விலை ஆயிரம் ரூபாய்க்கும் கீழே இறங்கியது. 2024 கோடையின் கடும் வெயிலில் செடிகள் கருகியபோது மீண்டும் ஏறத் தொடங்கியது.

இந்த ஏல மண்டபத்தில் நாம் கவனிக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. விலை கேட்பது கணினி வழியே என்றாலும், ஒவ்வொரு குவியலின் மாதிரியும் சிறு பொட்டலமாக வணிகரின் கைக்கு வந்துவிடுகிறது. அவர் அதைப் பிரித்து, நிறம் பார்த்து, காயின் பருமனை விரலால் உணர்ந்து, தோலை உடைத்து விதையைப் பார்த்து, அதன் பிறகே விலை கேட்கிறார். பல்லாண்டு அனுபவம் உள்ள வணிகர்கூட, கண்ணால் காணாத காய்க்கு விலை சொல்வதில்லை. பொருளும் கையில் இருக்கிறது, விலையும் திரையில் எல்லோருக்கும் தெரிகிறது. கடை, இணையம் இரண்டின் நன்மைகளையும் மொத்த வணிகம் பதினைந்து ஆண்டுகளுக்கு முன்பே ஒன்றாக்கிக்கொண்டது. நூறு கிராம் வாங்கும் நுகர்வோருக்குத்தான் அந்த வாய்ப்பு இன்னும் கிட்டவில்லை.

கடையின் பலமும் பலவீனமும்

போடிக் கடைத்தெருவில் ஏலக்காய் வாங்குபவருக்குப் பொருள் கைக்கு வருகிறது. கடைக்காரர் இரண்டு மூன்று டப்பாக்களைத் திறந்து வைக்கிறார். 'எட்டு எம்.எம்.', 'ஏழு எம்.எம்.' என்று பருமனைச் சொல்கிறார். பாயசத்துக்கா, பிரியாணிக்கா, தேநீருக்கா என்று கேட்டு, தேநீருக்குப் பெரிய காய் தேவையில்லை, வெடித்த காயே போதும் என்று சொல்லிச் செலவைக் குறைக்கும் கடைக்காரர்களும் இருக்கிறார்கள். ஐம்பது கிராம் கேட்டாலும் முகம் சுளிப்பதில்லை. சரியில்லை என்றால் மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்து மாற்றிக்கொள்ளலாம். இந்தச் சேவைக்குத் தனிக் கட்டணம் கிடையாது.

ஆனால், கடையில் விலைப் பலகை கிடையாது. உள்ளூர்க்காரருக்கு ஒரு விலை, மூணாறு போய்த் திரும்பும் சுற்றுலாப் பயணிக்கு ஒரு விலை என்ற பழக்கம் சில இடங்களில் இருப்பதை மறைக்க வேண்டியதில்லை. ஏலத்தில் விலை ஏறினால் மறுநாளே கடையில் ஏறிவிடும். இறங்கினால் கையிருப்பு தீரும்வரை இறங்காது. விலை ராக்கெட்டைப் போல ஏறி இறகைப் போல இறங்கும் என்று பொருளியலில் சொல்வதுண்டு. பெட்ரோலுக்குச் சொல்லப்பட்ட அந்த உவமை ஏலக்காய்க்கும் பொருந்தும். சில்லறையாக வாங்கும்போது ரசீது தரும் வழக்கமும் குறைவு. ரசீது இல்லாவிட்டால் நுகர்வோர் ஆணையத்தில் வழக்கைத் தொடங்குவதே கடினம்.

இணையத்தின் கணக்கு

இணையத்தில் ஐம்பது விற்பனையாளர்களின் விலையை ஒரே திரையில் ஒப்பிடலாம். ரசீது தானாக வந்துவிடும். போடிக்கு வர இயலாத சென்னைவாசிக்கும் சிங்கப்பூரிலிருந்து பெற்றோருக்கு வாங்கி அனுப்பும் பிள்ளைக்கும் இது பெரிய வசதி.

விலையைப் பார்ப்போம். கணக்கின் வசதிக்காக, ஏலச் சராசரி கிலோ ரூ.2,500 என்று வைத்துக்கொள்வோம். ஐம்பது கிராமின் ஏல மதிப்பு ரூ.125. பொட்டலம், அஞ்சல், தளத்தின் தரகு ஆகியவற்றுக்கு ரூ.75 ஆகிறது என்றால், அடக்க விலையே ரூ.200 ஆகிவிடும், அதாவது கிலோ ரூ.4,000. அதே விற்பனையாளர் அரைக் கிலோவாக அனுப்பினால் இந்தச் செலவு கிலோவுக்கு நூறு, இருநூறு ரூபாயாகச் சுருங்கிவிடும். ஆகவே, சிறிய அளவில் வாங்குபவருக்குக் கடையும், மொத்தமாக வாங்குபவருக்கு இணையமும் மலிவாக அமைவது இயல்பு. ஐம்பது கிராம் பொட்டலம் இணையத்தில் ஏல விலையையும்விட மலிவாகக் கிடைக்கிறது என்றால், மகிழ்வதற்கு முன்பு காய் எப்படிப்பட்டது என்று ஐயப்பட வேண்டும்.

ஐயம் எழக் காரணம் இருக்கிறது. பெயர் பெற்ற ஒரு தளத்தில் 'எட்டு எம்.எம். பச்சை ஏலக்காய்' என்று படத்துடன் போட்டிருந்ததை நம்பி வாங்கினேன். வந்தவை வெளிறிய, சிறுத்த காய்கள். நான்கில் ஒன்றில் விதையே இல்லை. புகார் செய்தபோது, உணவுப் பொருள்கள் திரும்பப் பெறப்படமாட்டா என்ற ஒரே பதில் தானியங்கியிடமிருந்து மூன்று முறை வந்தது. மனிதக் குரல் ஒன்றைக் கேட்க எனக்கு ஒன்பது நாட்கள் ஆயின.

ஆனால், சட்டம் அப்படிச் சொல்லவில்லை. 2020-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு (மின்வணிக) விதிகளின்படி, குறைபாடுள்ள பொருளையோ விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையோ திரும்பப் பெற விற்பனையாளர் மறுக்கக் கூடாது. குறைதீர் அலுவலர் 48 மணி நேரத்துக்குள் புகாரைப் பெற்றுக்கொண்டதை உறுதிசெய்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு தர வேண்டும். பொருள் எந்த நாட்டில் விளைந்தது என்பதையும் குறிப்பிட வேண்டும். இந்தியாவுக்குப் போட்டியாக விளங்கும் குவாத்தமாலா ஏலக்காய், நம் மலையின் பெயரைச் சூட்டிக்கொண்டு வந்துவிடக் கூடாது அல்லவா? 'இன்னும் இரண்டே உள்ளன' என்று அவசரப்படுத்துவதும், கடைசித் திரையில் புதிய கட்டணத்தைச் சேர்ப்பதும் 2023-இல் வெளியான வழிகாட்டு நெறிகளின்படி நேர்மையற்ற வணிக உத்திகள். சட்டம் இருந்தும் அது நுகர்வோரின் கைக்கு எட்டவில்லை.

தகவல் இல்லாத சந்தை

பழைய கார் சந்தையை எடுத்துக்காட்டாகக் கொண்டு, ஜார்ஜ் அக்கர்லாஃப் 1970-இல் ஒரு கட்டுரை எழுதினார். பின்னாளில் அவருக்கு நோபல் பரிசு பெற்றுத் தந்த ஆய்வு அது. விற்பவருக்குத் தரம் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது என்ற நிலை நீடித்தால், வாங்குபவர் எல்லாவற்றுக்கும் நடுத்தர விலையைத்தான் தருவார். நல்ல பொருளை வைத்திருப்பவருக்கு அந்த விலை கட்டாது, அவர் விலகிக்கொள்வார். சந்தையில் மட்டமான பொருள் மட்டும் மிஞ்சும்.

ஏலக்காய்க்கு இந்த ஆபத்து இப்போது நெருங்கி வருகிறது. தரம் பிரிக்கும் முறை நம்மிடம் இல்லாமல் இல்லை. அக்மார்க் தரவரிசையில் 'ஆலப்புழை பச்சை' என்ற பெயரின் கீழ் உயர்ந்த வகைக்குக் காயின் பருமன் 7 மி.மீ., ஒரு லிட்டர் கொள்ளளவில் குறைந்தது 435 கிராம் எடை என்ற வரையறை உண்டு. விதை நிறைந்த காய்தான் லிட்டர் எடையில் தேறும். வெறும் தோல் தேறாது. அதாவது, படம் மறைப்பதை எடை காட்டிக்கொடுத்துவிடும். ஆனால், இணையதள விளம்பரங்களிலும் கடை டப்பாக்களிலும் இந்த லிட்டர் எடையை நான் கண்டதில்லை. 'உயர்தரம்', 'முதல் தரம்' என்ற அளக்க முடியாத சொற்களே கண்ணில் படுகின்றன. இந்த மயக்கத்தில்தான் செயற்கை நிறமி ஏற்றிய காய்க்கும் இடம் கிடைக்கிறது. ஏலக்காயில் நிறமி சேர்க்க உணவுப் பாதுகாப்பு விதிகள் இடம் தருவதில்லை என்றாலும், பச்சை நிறம் ஒன்றையே தரத்தின் அடையாளமாக நுகர்வோர் கருதும்வரை அந்தத் தவறுக்குத் தூண்டுதல் இருந்துகொண்டேயிருக்கும்.

சிறு கடைக்கு வேலி

'இணையம் பெருகிவிட்டது, சிறு கடைகளும் இணையத்துக்குப் போகட்டும்' என்று அறிவுரை சொல்வது எளிது. போக விடாமல் தடுக்கும் விதியைப் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் ஆண்டு விற்றுமுதல் ரூ.40 லட்சத்தைத் தாண்டாத கடைக்காரர் பொருள்களை விற்க ஜி.எஸ்.டி. பதிவு தேவையில்லை. 2023 அக்டோபர் முதல் மாநிலத்துக்குள் மின்வணிகத் தளம் வழியாகவும் பதிவின்றி விற்கலாம் என்ற சலுகை வந்தது. ஆனால், பொருள் மாநில எல்லையைத் தாண்டினால் விற்றுமுதல் எவ்வளவு குறைவாக இருந்தாலும் பதிவு கட்டாயம். போடிக் கடைக்காரர் கன்னியாகுமரிக்கு அனுப்பலாம். மலைச்சாலையில் ஏறியதும் வரும் பூப்பாறைக்கு அனுப்பப் பதிவு வேண்டும். எல்லையோர ஊருக்கு இந்த விதி வேலியாகவே நிற்கிறது. பெங்களூரிலோ மும்பையிலோ கிடங்கு வைத்திருக்கும் பெரிய நிறுவனத்துக்கு இது ஒரு பொருட்டே அல்ல.

செய்ய வேண்டியவை

முதலாவதாக, நறுமணப் பொருள் வாரியம் வெளியிடும் அன்றாட ஏலச் சராசரியை, போடிக் கடைத்தெருவிலும் பேருந்து நிலையத்திலும் ரயில் நிலையத்திலும் தமிழில் பலகையாக வைக்கலாம். நகராட்சியும் வணிகர் சங்கங்களும் இணைந்தால் ஒரே வாரத்தில் முடியும் வேலை இது. கடைக்காரரின் நியாயமான லாபத்தை யாரும் குறை சொல்லப் போவதில்லை. ஆனால் அடிப்படை விலை தெரிந்தால் இரண்டு விலை சொல்லும் பழக்கம் தானே குறையும்.

இரண்டாவதாக, பொட்டலமிட்ட ஏலக்காயிலும் இணைய விளம்பரத்திலும் காயின் பருமன், லிட்டர் எடை, அறுவடை ஆண்டு ஆகிய மூன்றையும் கட்டாயமாக்க வேண்டும். இப்போது பொட்டலமிட்ட நாள் மட்டுமே தெரிகிறது. இரண்டாண்டு கிடங்கில் கிடந்த காயையும் நேற்று பொட்டலமிட்டிருக்கலாம்.

மூன்றாவதாக, சிறு வணிகர்கள் மாநில எல்லையைத் தாண்டி விற்பதற்கு ஒரு வரம்புவரை பதிவு விலக்கு அளிப்பதை ஜி.எஸ்.டி. மன்றம் பரிசீலிக்க வேண்டும். மத்திய அரசின் முயற்சியில் உருவான ஓ.என்.டி.சி. என்னும் திறந்த மின்வணிக வலைப்பின்னலில் போடிக் கடைகள் கூட்டாக இணைந்து, பொதுவான தரப் பரிசோதனையும் பொட்டலமிடும் கூடமும் வைத்துக்கொள்ளலாம். தனித்தனியாக ஒரு கடையால் தாங்க முடியாத செலவை நாற்பது கடைகள் பகிர்ந்துகொள்ள முடியும். ஏல மண்டபத்து மாதிரிப் பொட்டலம் போல, புதிய வாடிக்கையாளருக்குப் பத்து கிராம் மாதிரியை முதலில் அனுப்பி வைக்கும் முறையையும் அவர்கள் தொடங்கலாம்.

நுகர்வோர் செய்ய வேண்டியதும் உண்டு. பொட்டலத்தின் விலையைப் பார்ப்பதற்குப் பதிலாக கிராமுக்கு எவ்வளவு என்று கணக்கிட வேண்டும். கடையில் ரசீது கேட்டு வாங்க வேண்டும். இணையத்தில் ஏமாற்றப்பட்டால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு செய்ய வேண்டும். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி, விற்பவர் எந்த ஊரில் இருந்தாலும் தாம் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்கு தொடுக்கலாம். நூறு ரூபாய் ஏலக்காய்க்கு வழக்கா என்று விட்டுவிடுவதைத்தான் தரமற்ற விற்பனையாளர் முதலீடாக்கிக்கொள்கிறார்.

எனவே, என்னிடம் கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில் இது. சிறிதளவு வேண்டுமானால், முகம் தெரிந்த கடையில் காயை உடைத்துப் பார்த்து வாங்குங்கள். நிறைய வேண்டுமானால், பருமனையும் லிட்டர் எடையையும் எழுத்தில் தரும் விற்பனையாளரிடம் இணையத்தில் வாங்குங்கள். இரண்டு இடத்திலும் அன்றைய ஏல விலை என்ன என்று கேளுங்கள். நூறு கிராம் வாங்குபவர்கள் இதைக் கேட்கத் தொடங்கினால், நல்ல காயை விளைவித்தவருக்கும் அதைப் பொறுக்கிப் பிரித்த கைகளுக்கும் அதற்குரிய விலை போய்ச் சேரும் வழி திறக்கும்.