‘ஒண்ணும் சாப்பிடலையே!’ – கலோரி எண்ண ஆரம்பித்தால் தெரியும் கணக்கு

“நைட் ஒண்ணும் சாப்பிடல, ரெண்டு தோசைதான்.” தமிழ்நாட்டில் இதைக் கேட்டு யாரும் ஆச்சரியப்படுவதில்லை. சாப்பாடு என்றால் நமக்குச் சோறு. தோசை டிபன். வடை பலகாரம். மிக்சர் நொறுக்குத்தீனி. டீயை எந்தக் கணக்கிலும் சேர்ப்பதில்லை, அது சும்மா ஒரு பிரேக். வாய்க்குள் போவதில் பாதியை ‘சாப்பிட்டேன்’ என்றே சொல்லாத ஊரில், “நான் அவ்வளவா சாப்பிடறதே இல்ல, ஆனா வெயிட் ஏறிக்கிட்டே போகுது” என்று ஒருவர் சொன்னால் அது பொய் கிடையாது. அவர் எண்ணுவது சாப்பாட்டை மட்டும். உடம்பு எல்லாவற்றையும் எண்ணுகிறது.

செங்குன்றத்தைத் தாண்டி சோழவரம், காரனோடை, கவரைப்பேட்டை என்று கும்மிடிப்பூண்டி சிப்காட் வரை போகும் சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலையை எடுத்துக்கொள்ளுங்கள். கம்பெனி பஸ் நிற்கும் இடமெல்லாம் ஒரு டீக்கடை. ஷிப்ட் முடியும் நேரத்துக்குப் பரோட்டாக் கல் சூடாகிவிடும். அதே சாலையில் எட்டு மணி நேரம் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்பவரும் இருக்கிறார், லாரியில் மூட்டை ஏற்றுபவரும் இருக்கிறார். இரண்டு பேரும் ஒரே கடையில், ஒரே தட்டில்தான் சாப்பிடுகிறார்கள். இப்போது அவர்களில் ஒருவர் போனில் கலோரி ஆப்பை இறக்கி, சாப்பிடுவதை எல்லாம் குறிக்க ஆரம்பிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். என்ன தெரியவரும்?

முதலில், கலோரி என்றால் என்ன?

ஒரு லிட்டர் தண்ணீரின் வெப்பத்தை ஒரு டிகிரி செல்சியஸ் ஏற்றத் தேவைப்படும் ஆற்றல்தான் நாம் பேசும் ‘கலோரி’. சரியான பெயர் கிலோ கலோரி. பாக்கெட்டுகளில் அப்படித்தான் அச்சிட்டிருக்கும், பேச்சில் ‘கிலோ’ விழுந்துவிட்டது. 19-ம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்க வேதியியலாளர் வில்பர் அட்வாட்டர் வகுத்துக் கொடுத்த கணக்கு இன்றும் புழக்கத்தில் இருக்கிறது: ஒரு கிராம் மாவுச்சத்து 4 கலோரி, ஒரு கிராம் புரதம் 4 கலோரி, ஒரு கிராம் கொழுப்பு 9 கலோரி. எண்ணெய் முழுக்கவே கொழுப்பு. அதனால், ஒரே எடைக்கு சர்க்கரையைவிட இரண்டு மடங்குக்கு மேல் கலோரி அதில் இருக்கும். இந்த ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்தாலே பாதிக் கணக்கு புரிந்துவிடும்.

ஒரு நாள் கணக்கு

உட்கார்ந்து வேலை பார்க்கும் ஓர் ஆணின் நாளைப் போட்டுப் பார்ப்போம். எல்லாம் தோராய அளவுகள்தான். கடைக்குக் கடை, கைக்குக் கை மாறும்.

காலை: நான்கு இட்லி 240. தேங்காய்ச் சட்னி 80, சாம்பார் 80. மொத்தம் 400.

மதியம் கேன்டீனில்: 150 கிராம் அரிசியில் வடித்த சோறு 530. குழம்பு, ரசம், பொரியல் சேர்த்து 200. பொரித்த அப்பளம் ஒன்று, 70. மொத்தம் 800.

இரவு: எண்ணெய் தாராளமாக விட்ட இரண்டு பரோட்டா 600. சால்னா 150. மொத்தம் 750.

மூன்று வேளையும் சேர்த்து 1,950 கலோரி. உட்கார்ந்து வேலை செய்யும் 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு ஒரு நாளைக்குத் தேவை என்று இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-ல் சொன்ன அளவு 2,110. ஆக, ‘சாப்பாடு’ கணக்கில் இவர் பாஸ். பரோட்டா சாப்பிட்டும் பாஸ்!

இனி ‘சாப்பிடாத’ கணக்கு. இரண்டு ஸ்பூன் சர்க்கரையும் பாலும் சேர்ந்த ஒரு டீ சுமார் 75 கலோரி, நாளைக்கு நான்கு என்றால் 300. காலையும் மாலையும் டீயோடு ஒவ்வொரு மெதுவடை, 220. வீட்டுக்கு வந்து டிவி முன்னால் ஒரு கை மிக்சர், 150. கூட்டினால் 670.

மொத்தம் 2,620 கலோரி. தேவையைவிட 510 அதிகம், ஏறக்குறைய கால் பங்கு. அந்த உபரி முழுவதும் அவர் ‘சாப்பிட்டேன்’ என்று சொல்லாத ஐட்டங்களில் இருந்து வந்தது. திருப்பிப் பார்த்தால் நல்ல செய்தியும் இதில்தான் இருக்கிறது. டீயில் சர்க்கரையைப் பாதியாக்கி, வடையையும் மிக்சரையும் தினசரிப் பழக்கத்தில் இருந்து எடுத்துவிட்டால் 450 கலோரி குறையும். சோற்றில் ஒரு பருக்கையைக்கூடக் குறைக்கத் தேவையில்லை.

ஏன் நமக்கே தெரிவதில்லை?

இது நம்மூர் பலவீனம் மட்டும் அல்ல. 1992-ல் ‘நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்’ இதழில் வந்த ஓர் அமெரிக்க ஆய்வு, இந்தத் துறையில் இன்றும் மேற்கோள் காட்டப்படுகிறது. “நாளைக்கு 1,200 கலோரிக்குக் கீழேதான் சாப்பிடுகிறோம், அப்படியும் எடை குறையவில்லை” என்று சொன்ன 10 பேரை ஆராய்ந்தார்கள். அவர்களின் உடல் செலவழிக்கும் ஆற்றல் இயல்பாகவே இருந்தது. பிரச்னை குறிப்பேட்டில் இருந்தது. உண்மையில் சாப்பிட்டதைவிட சராசரியாக 47 சதவீதம் குறைத்து எழுதியிருந்தார்கள். செய்த உடற்பயிற்சியை 51 சதவீதம் கூட்டி எழுதியிருந்தார்கள்.

சமையல்கட்டில் அளவு என்பது கண்ணளவு. ‘கொஞ்சம்’ எண்ணெய், ‘ஒரு கை’ மிக்சர், ‘சும்மா’ ஒரு வாய் ருசி பார்த்தது, குழந்தை மிச்சம் வைத்ததை வீணாக்காமல் சாப்பிட்டது. இதில் எதுவும் நினைவில் நிற்காது. “அதான் சாயங்காலம் வாக்கிங் போறோமே” என்று சமாதானம் சொல்லிக்கொள்வதும் இந்த ரகம்தான். ஒரு மணி நேர நடை செலவழிப்பது சுமார் 200 முதல் 250 கலோரி. இரண்டு வடையோடு கணக்கு நேராகிவிடும்.

ஆப்பில் வரும் எண் எங்கிருந்து வருகிறது?

இட்லிக்கும் ராகிக்கும் கலோரி பார்க்க முடிவதன் பின்னால் ஒரு தமிழ்நாட்டுக் கதை இருக்கிறது. நீலகிரி மாவட்டம் குன்னூரில் ராபர்ட் மெக்கேரிசன் தொடங்கிய சத்துணவு ஆராய்ச்சிதான், இன்று ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் வேர். அவருக்குப் பின் வந்த டபிள்யூ.ஆர்.அய்க்ராய்ட், இந்திய உணவுகளின் சத்து மதிப்பை அட்டவணையாக 1937-ல் வெளியிட்டார். 1958-ல் ஆய்வகம் ஐதராபாத்துக்குப் போனது. சேலத்தில் பிறந்த சி.கோபாலனின் குழு 1971-ல் அந்த அட்டவணையை விரித்து எழுதியது. 2017-ல் வெளியான புதிய பதிப்பில் 528 உணவுப் பொருட்கள் இருக்கின்றன.

ஆனால் அட்டவணை அரிசிக்கும் பருப்புக்கும்தான் துல்லியம். ‘ஒரு தோசை’ என்று ஆப்பில் தட்டினால், அது வீட்டுத் தோசையா, ஓட்டல் நெய் ரோஸ்ட்டா என்று அதற்கு எப்படித் தெரியும்? பல ஆப்களில் பயனர்களே பதிவு செய்த எண்களும் கலந்திருக்கும். எனவே திரையில் 1,847 என்று வந்தால் அதை ‘ஆயிரத்து எண்ணூறு, ரெண்டாயிரம்’ என்று படிப்பதே சரி.

ஒரே தட்டு, வேறு வேறு உடம்பு

மேலே போட்ட அதே 2,620 கலோரியை, அதே சாலையில் இருக்கும் வேறு இரண்டு பேருக்குப் போட்டுப் பாருங்கள். உட்கார்ந்து வேலை பார்க்கும் 55 கிலோ பெண்ணுக்குத் தேவை 1,660. அவருக்கு இது 960 அதிகம். நாள் முழுக்க மூட்டை தூக்கும் ஆணுக்குத் தேவை 3,470. அவருக்கு இது 850 குறைவு! “எல்லாரும் கம்மியா சாப்பிடுங்க” என்ற வாட்ஸ்அப் அட்வைஸ் எவ்வளவு தப்பு என்பதற்கு இந்த இரண்டு எண்களே போதும்.

தமிழ்நாட்டின் நிலையும் இப்படித்தான் இரண்டு பக்கம் இழுக்கிறது. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, மாநிலத்தில் 40.4 சதவீதப் பெண்களும் 37 சதவீத ஆண்களும் அதிக எடை அல்லது உடல்பருமன் கொண்டவர்கள். முந்தைய ஆய்வில் இது 30.9, 28.2 சதவீதமாக இருந்தது. அதே ஆய்வில், 15 முதல் 49 வயதுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. எடை கூடிக்கொண்டே இரும்புச்சத்து குறையலாம். கலோரி எண்ணிக்கை இதைக் காட்டாது. வடையும் 110 கலோரிதான், ஒன்றரை வேகவைத்த முட்டையும் 110 கலோரிதான். முட்டையில் கிடைக்கும் 9 கிராம் புரதம் அந்த எண்ணில் தெரியவே தெரியாது.

அப்ப எப்படி எண்ணுவது?

இரண்டு வாரம் போதும். ஆயுளுக்கும் எண்ணிக்கொண்டிருக்கத் தேவையில்லை. அந்த இரண்டு வாரத்தில் முக்கியம் மூன்று விஷயங்கள்.

ஒன்று, வாயில் போட்ட உடனே குறியுங்கள். ராத்திரி உட்கார்ந்து யோசித்து எழுதினால் டீயும் மிக்சரும் மறந்துபோகும்.

இரண்டு, ஞாயிற்றுக்கிழமையை விட்டுவிடாதீர்கள். பிரியாணியும் கூல்டிரிங்க்ஸும் வரும் நாளை விட்டுவிட்டு எடுக்கும் சராசரி, சராசரியே கிடையாது.

மூன்று, வீட்டுச் சமையலுக்கு மளிகை லிஸ்ட்டைப் பாருங்கள். நான்கு பேர் வீட்டில் மாதம் 5 லிட்டர் எண்ணெய் தீர்ந்தால், ஒருவருக்கு ஒரு நாளைக்குச் சுமார் 38 கிராம். 2,000 கலோரி உணவுக்குத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-ல் சொன்ன அளவு 27 கிராம். சர்க்கரை 3 கிலோ என்றால் தலைக்கு 25 கிராம். நாளைக்கு 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு உலக சுகாதார நிறுவனம் வைக்கும் உச்சவரம்பு 50 கிராம், 25-க்குள் இருந்தால் இன்னும் நல்லது என்கிறது. வீட்டில் 25 கிராமிலேயே நிறுத்தினாலும், கடையில் குடிக்கும் நான்கு டீ தனியாக 40 கிராம் சேர்த்துவிடும். தராசு, ஆப் எதுவும் வேண்டாம், மளிகைக்கடை பில்லே போதும்.

சிலர் இதைத் தனியாகச் செய்யவே கூடாது. இன்சுலினோ சர்க்கரை மாத்திரையோ எடுப்பவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பாட்டைக் குறைத்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடலாம். கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகளுக்கும் இது பொருந்தாது. எண்ணைப் பார்த்தாலே பயம் வருகிறது, ஒரு வேளை அதிகமாகச் சாப்பிட்டதற்காக அடுத்த வேளையைப் பட்டினி போடத் தோன்றுகிறது என்றால், அன்றோடு ஆப்பை அழித்துவிட்டு மருத்துவரிடம் பேசுவது நல்லது.

எண் எங்கே இருக்க வேண்டும்?

கணக்குப் போடும் பாரம் முழுவதையும் சாப்பிடுபவர் தலையிலேயே கட்டுவது நியாயமா என்ற கேள்வி மிச்சம் இருக்கிறது. மத்திய உரிமம் பெற்ற உணவகங்களும், 10 அல்லது அதற்கு மேல் கிளைகள் உள்ள உணவகங்களும் மெனுவிலேயே கலோரியைப் போட வேண்டும் என்ற விதி 2022 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிறது. மாலில் பர்கர் வாங்குபவருக்கு எண் கிடைக்கிறது. ஜி.என்.டி. சாலை டீக்கடையில் நிற்பவருக்குக் கிடைப்பதில்லை. சின்னக் கடைக்காரரிடம் அதை எதிர்பார்க்கவும் முடியாது.

கம்பெனி கேன்டீனிடம் எதிர்பார்க்கலாம். 250 பேருக்கு மேல் வேலை செய்யும் தொழிற்சாலையில் கேன்டீன் வேண்டும் என்று 1948-ம் ஆண்டு தொழிற்சாலைகள் சட்டமே வழிவகுத்தது. 2020-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தொழில் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு அந்த எண்ணிக்கையை 100 ஆக இறக்கியது. இத்தனை பேருக்கு, இத்தனை கிலோ அரிசி, இத்தனை லிட்டர் எண்ணெய் என்று கேன்டீன் தினமும் கணக்குப் போட்டுத்தான் உலை வைக்கிறது. அந்தக் கணக்கை ஒரு பலகையில் எழுதி வைக்க ஒரு சாக்பீஸ் போதும். கூடவே, சர்க்கரையைத் தனியாக வைத்து டீ கொடுக்கலாம். மாலை வடைக்குப் பக்கத்தில் சுண்டலும் முட்டையும் வைக்கலாம். மூட்டை தூக்குபவருக்குக் கேட்காமலே இன்னொரு கரண்டி சோறும் பருப்பும் போடலாம்.

ஐ.சி.எம்.ஆர். ஆதரவில் நடந்து 2023-ல் வெளியான ஆய்வு, தமிழ்நாட்டில் வயது வந்தோரில் 14.4 சதவீதம் பேருக்குச் சர்க்கரை நோய் என்றது. ஏறக்குறைய ஏழு பேருக்கு ஒருவர். வருடாவருடம் மெடிக்கல் செக்கப் கேம்ப் நடத்தி, சர்க்கரை அளவை அச்சிட்டுக் கையில் கொடுக்கும் கம்பெனிகள் இருக்கின்றன. அந்த எண் எங்கிருந்து ஏறியது என்பதைத் தெரிந்துகொள்ளும் வசதியும் அதே காம்பவுண்டுக்குள், தட்டு எடுக்கும் இடத்திலேயே இருக்க வேண்டும்.