வயிற்றுவலிக்கு வெள்ளை மாத்திரை போதுமா?



2023 ஜூலை 28ஆம் திகதி தலைமன்னாரில் தொடங்கி மாத்தளை வரை சென்ற மலையக நடைபவனியில் நம்மில் பலர் நடந்தோம். 200 ஆண்டுகளுக்கு முன் நம் பாட்டன் பூட்டிகள் மன்னார்க் கரையில் இறங்கி, காட்டுவழியே மாத்தளைக்கு நடந்த பாதை அது. வழியில் அவர்களைக் கூட்டம் கூட்டமாகச் சாய்த்தது காலரா. அதுவும் ஒரு குடல் நோய்தான். நல்ல தண்ணீர் கிடைத்திருந்தால் பெரும்பாலோர் பிழைத்திருப்பார்கள்.

1914இல் தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் இடையே கப்பல் ஓடத் தொடங்கியது. ஆள் ஏற்றுமுன் மண்டபம் முகாமில் மறித்து வைத்துப் பார்த்தார்கள். பின்னர் கொழுக்கிப்புழுவுக்கும் அங்கே மருந்து ஊற்றினார்கள். 1916 முதல் ரொக்பெல்லர் நிறுவனத்தார் இலங்கைத் தோட்டங்களுக்கு வந்து, நம்மவர் மலத்தை நுணுக்குக்காட்டியில் வைத்துப் புழு முட்டை தேடினார்கள்.

இது நம்மேல் கொண்ட பாசமா? இல்லை. புழு இரத்தத்தைக் குடித்தால் தொழிலாளி சோர்ந்துபோவான். சோர்ந்த கை கொழுந்து பறிக்காது. புழுவுக்கு மருந்து கொடுத்த துரைமார், லயத்துக்குக் கக்கூஸ் கட்டச் சொன்னபோது தயங்கினார்கள். ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். அன்று இலாபத்துக்காகவேனும் நம் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று கருவி வைத்துப் பார்த்தார்கள். இன்று அதுகூட இல்லை.

நான் படிப்பிக்கும் பிள்ளை ஒன்றின் தாய், கொழுந்து பறிப்பவர். நெஞ்செரிச்சல் என்று மாதக்கணக்கில் தோட்ட டிஸ்பென்சரிக்கு நடந்தார். ஒவ்வொரு முறையும் "கேஸ்தான்" என்று அதே வெள்ளை மாத்திரை. சோறு இறங்காமல் கஞ்சி குடிக்கத் தொடங்கிய பிறகுதான் தூரத்து வைத்தியசாலைக்கு அனுப்பினார்கள். எண்டொஸ்கோப்பி செய்து பார்த்தால் உணவுக்குழாயில் புற்றுநோய். "ஏன் முன்னமே வரவில்லை?" என்று அங்கே கேட்டார்களாம். அவர் வராமலா இருந்தார்?

எண்டொஸ்கோப்பி என்பது பயப்படும் காரியமல்ல. விரல் பருமன்கூட இல்லாத, நுனியில் கமராவும் விளக்கும் உள்ள வளையும் குழாய். வாய்வழியே விட்டு, வெட்டாமல் சில நிமிடங்களில் பார்த்துவிடலாம். புண்ணா, கட்டியா என்று தெரியும். சிறு துண்டு கிள்ளிப் பரிசோதிக்கலாம். கசியும் இரத்தத்தையும் அதன் வழியே நிறுத்தலாம். இரைப்பைப் புண்ணுக்கு ஒரு கிருமி முக்கிய காரணம் என்று கண்டுபிடித்த வாரன், மார்ஷல் இருவருக்கும் 2005இல் நோபல் பரிசே கிடைத்தது. அந்தக் கிருமியைச் சில வார மருந்தில் ஒழிக்கலாம். நமக்கு மட்டும் ஆயுளுக்கும் வெள்ளை மாத்திரையா?

"வெற்றிலை பாக்குப் போடுகிறீர்கள், அதனால்தான்" என்பார்கள். பாக்கும் புகையிலையும் புற்றுநோய் தருவது உண்மை; நாம் விடத்தான் வேண்டும். ஆனால் மலையில் பசியை அடக்க அதை வாயில் வைக்கப் பழக்கிய வேலைநேரத்தையும் கூலியையும் யார் கேட்பது?

"அரசாங்க ஆஸ்பத்திரியில் இலவசம்தானே" என்பார்கள். இலவசம்தான். ஆனால் ஒருநாள் போனால் பேர் போச்சு. பஸ் காசு போச்சு. திகதி தந்து திருப்பி அனுப்பினால் இன்னொரு பேரும் போச்சு. வன்செயல்களுக்குத் தப்பி மன்னார், வவுனியாப் பக்கம் குடியேறிய நம் உறவுகளுக்கும் நாட்கூலிதான். அவர்களுக்கும் இதே கணக்குத்தான்.

எல்லா வயிற்றுவலிக்கும் குழாய் வேண்டியதில்லை. ஆனால் விழுங்கக் கஷ்டம், கறுப்பாக மலம், இரத்த வாந்தி, காரணமில்லாமல் மெலிதல், இரத்தச்சோகை, இவற்றில் ஒன்று இருந்தாலும் மாத்திரையோடு திரும்பாதீர்கள். பெரிய வைத்தியசாலைக்குக் கடிதம் கேளுங்கள். தர மறுத்தால் தலைவரைக் கூட்டிப் போங்கள்.

சம்பளத்துக்காகப் பேச்சுவார்த்தை மேசையில் அடித்துப் பேசிய நம் சங்கமும் இதை இதுவரை உரக்கக் கேட்டதில்லை. இனிக் கேட்போம். பரிசோதனைக்குப் போகும் நாளுக்கு முழுப் பேர். போக்குவரத்துக்குத் தோட்ட வாகனம். மலையகத்திலும் மன்னாரிலும் அருகிலுள்ள அரசாங்க வைத்தியசாலைகளில் இயங்கும் கருவியும் அதை இயக்க ஆளும். ஒவ்வொரு லயத்துக்கும் சுத்தமான தண்ணீர், கக்கூஸ்.

1912ஆம் ஆண்டு மருத்துவத் தேவைகள் சட்டமே தொழிலாளியின் வைத்தியத்தைத் தோட்டத்தின் பொறுப்பு என்றது. நூறு ஆண்டுக்கு மேலாகியும் அதைப் பிச்சையாகக் கேட்கவேண்டுமா? அடுத்த மாதக் கமிட்டிக் கூட்டத்தில் முதல் தீர்மானமாக இதை வையுங்கள்.