நின்று போகாத கை

வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குத் திருநீர்மலையிலிருந்து பல்லாவரம் போயிருந்தேன். ஒளு செய்யும் குழாயடியில் எனக்கு முன்னால் கல்லூரி வயதுப் பையன். வலது முழங்கையைக் கழுவினான். மறுபடி கழுவினான். எட்டுக்கு மேல் எண்ணுவதை நான் நிறுத்திவிட்டேன். விரல் நுனிகள் ஊறிச் சுருங்கியிருந்தன. பின்னால் நின்ற பெரியவர் சலித்துக்கொண்டார்: "வஸ்வாஸு தம்பி. ஷைத்தான் வேலை. ஈமானைக் கெட்டியாப் பிடிச்சுக்க."

வஸ்வாஸ் என்றால் மனதை அரிக்கும் ஓயாத சந்தேகம். பெரியவர் சொன்ன பெயர் சரி, வைத்தியம்தான் பாதி. மூன்று முறைக்கு மேல் வேண்டாம் என்ற மார்க்கச் சட்டம் அந்தப் பையனுக்கும் தெரியும். தெரிந்தும் கை நிற்கவில்லையே, அதுதான் நோய். திருநீர்மலையைச் சூழ்ந்த வெள்ளம் வடியும்வரை திருமங்கையாழ்வார் மாதக்கணக்கில் காத்திருந்தார் என்று எங்கள் ஊரில் கதை சொல்வார்கள். இந்தப் பையனின் மனதைச் சூழ்ந்த வெள்ளம் வடிய அப்படிக் காத்திருக்க முடியாது.

934இல் மறைந்த முஸ்லிம் அறிஞர் அபூ ஸைத் அல்-பல்கி உடல் நலத்தையும் உள்ளத்தின் நலத்தையும் ஒரே நூலில் எழுதினார். கோபம், அச்சம், துக்கம், வஸ்வாஸ் ஒவ்வொன்றுக்கும் தனி இடம் தந்தார். துக்கத்திலும் காரணம் தெரிந்தது வேறு, காரணமே தெரியாமல் கவிவது வேறு. பின்னதற்கு உடம்பிலும் வேர் உண்டு என்றார். நம் பயான்களில் இவர் பெயரை நான் கேட்டதேயில்லை. யூசுஃபைப் பிரிந்த துக்கத்தில் யஃகூப் நபிக்குக் கண்ணே வெளுத்துப்போனதைக் குர்ஆன் சொல்கிறது. அவருக்கு ஈமான் குறைவு என்று எந்த ஹஜ்ரத் சொல்வார்?

நஃப்ஸ் எனும் மனித உள்ளத்தையும் குர்ஆன் ஒரே நிலையில் வைக்கவில்லை. தீமைக்கு ஏவும் அம்மாரா, தன்னையே நொந்துகொள்ளும் லவ்வாமா, அமைதி கண்ட முத்மஇன்னா. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்கு மனிதன் நகர்வான் என்ற நம்பிக்கை அதில் இருக்கிறது. அப்படி நகரக்கூடியவனைத்தான் நாம் சங்கிலியில் கட்டினோம். 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலையில் ஏர்வாடி தர்காவை ஒட்டிய தனியார் மனநலக் காப்பகம் தீப்பிடித்தபோது 28 பேர் செத்தார்கள். கட்டிப் போட்டிருந்ததால் ஓட முடியவில்லை. சங்கிலியைத் தடை செய்து 2017இல் மனநலச் சட்டம் வந்தது, 95ஆவது பிரிவு. அந்தத் தீ விபத்துக்குப் பிறகு ஏர்வாடியிலேயே அரசு, துஆவோடு தவாவும், அதாவது பிரார்த்தனையோடு மருந்தும், கிடைக்க ஏற்பாடு செய்தது. ஜியாரத்துக்கு வந்தவரைப் போகாதே என்று மறிக்காமல், மருந்தையும் வாங்கிக்கொள் என்றது. அந்தப் பக்குவம் நம் மஹல்லாக்களுக்கு இன்னும் வரவில்லை.

தொழுகை முடிந்து படியில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தான். பக்கத்தில் உட்கார்ந்து பேச்சுக் கொடுத்தேன். இலவச மனநல ஆலோசனைக்கான 14416 என்ற எண்ணை அவன் செல்போனில் பதியச் சொன்னேன். பதிந்தான். பெயர் போடும் இடத்தில் 'மெக்கானிக்' என்று அடித்தான்.

"வீட்ல போனை எடுத்துப் பாப்பாங்க மாமா."