கட்டணம் கட்டியவருக்கே காட்டாத அறிக்கை

வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்தால் ‘லீகல் ஃபீஸ்’ என்று ஒரு தொகை கட்டச் சொல்கிறார்கள். தாய்ப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா, வாரிசுச் சான்று என எல்லாவற்றின் நகல்களும் வங்கி நியமித்த வழக்கறிஞரிடம் போகின்றன. அவர் படித்துப் பார்த்துக் கருத்துரை எழுதி வங்கிக்கு அனுப்புகிறார். அதற்குப் பணம் கொடுத்தவருக்கு வருவது ‘லீகல் கிளியர் ஆகிவிட்டது’ என்ற தொலைபேசித் தகவல் மட்டும். நகல் கேட்டால், அது வங்கியின் உள் ஆவணம் என்ற பதிலே பல இடங்களில் கிடைக்கிறது. இந்த வழக்கம் நிறுத்தப்பட வேண்டும். கடன் வாங்குபவரின் பணத்தில் எழுதப்படும் சட்டக் கருத்துரையின் முழு நகல், கிரயப் பத்திரம் பதிவாகும் முன்பே அவர் கைக்கு வர வேண்டும்.

‘பேங்க்கே லோன் கொடுத்துவிட்டது, பத்திரத்தில் என்ன சிக்கல் இருக்கப்போகிறது’ என்ற நம்பிக்கை நம்மிடையே ஆழமாக இருக்கிறது. வங்கியின் வழக்கறிஞர் பார்ப்பது, தவணை நின்றுபோனால் இந்தச் சொத்தை விற்றுப் பணத்தை எடுக்க முடியுமா என்பதை. நாளை யாரும் பங்கு கேட்டு வந்து நிற்கமாட்டார்களா என்பதே வாங்குபவரின் கவலை. இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போகும். ஒத்துப்போகாத இடத்தில் அடிபடுவது வாங்கியவர்தான். வீடு வழக்கில் சிக்கினாலும் மாதத் தவணை நிற்காது.

அடிக்கடி நடக்கும் ஒன்றைப் பாருங்கள். அப்பா உயில் எழுதாமல் இறந்துபோகிறார். அவர் சொந்தமாகச் சம்பாதித்து வாங்கிய வீட்டை இரண்டு மகன்கள் சேர்ந்து விற்கிறார்கள். வெளியூரில் கட்டிக்கொடுத்த மகள் கையெழுத்துப் போடவில்லை. ‘கல்யாணத்துக்கு நகை போட்டுவிட்டோம், அவள் கேட்கமாட்டாள்’ என்கிறார்கள் அண்ணன்மார். இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அப்படிப்பட்ட சொத்தில் மகளுக்குச் சமபங்கு 1956 முதலே உண்டு. பூர்வீகச் சொத்திலும் 1989-இல் தமிழ்நாடும் 2005-இல் நாடாளுமன்றமும் மகளின் உரிமையைச் சட்டமாக்கின. அவர் விடுதலைப் பத்திரம் எழுதித் தராதவரை அந்தப் பங்கு அவருடையதே. வில்லங்கச் சான்றைப் புரட்டினால் இது தெரியாது. பதிவான ஆவணங்கள்தான் அதில் வரும், பதிவாகாத வாரிசுரிமை வராது. வாரிசுச் சான்றில் மூன்றாவது பெயரைப் பார்த்து ‘மகளும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும்’ என்று எழுதுபவர் வழக்கறிஞர். அந்த வரி வங்கிக் கோப்புக்குள்ளேயே கிடந்து, விற்பவரிடம் ஓர் உறுதிமொழிப் பத்திரம் வாங்கிக்கொண்டு கடன் கொடுக்கப்பட்டுவிட்டால், வாங்குபவருக்கு எச்சரிக்கை என்று எதுவும் வந்து சேராது.

அரசு பார்த்துக்கொள்ளும் என்றும் இருக்க முடியாது. தமிழ்நாட்டில் கிரயத்துக்கு முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். இவ்வளவு கட்டியும், பதிவு என்பது கிரயம் நடந்ததற்கான சான்று மட்டுமே. விற்பவருக்கு உரிமை இருக்கிறதா என்று ஆராய்வது சார்பதிவாளரின் வேலை அல்ல என்று, தமிழ்நாடு பதிவு விதி 55-ஏ(1)-ஐ 2025 ஏப்ரலில் ரத்து செய்தபோது உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. பட்டாவும் உரிமை ஆவணம் அல்ல. ஆக, சாதாரணக் குடும்பம் ஒன்று வாங்கும் வீட்டின் பத்திரங்களை வரிக்கு வரி படிக்கும் ஒரே ஆள் பெரும்பாலும் அந்த வங்கி வழக்கறிஞர்தான்.

வட்டி குறைவாக இருக்கிறது என்று கடனை வேறு வங்கிக்கு மாற்றுபவரின் நிலை இன்னும் மோசம். தனிநபரின் மாறும் வட்டி வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைக்க அபராதம் கூடாது என்று ரிசர்வ் வங்கி தடுத்திருப்பது நல்ல காரியம். ஆனால் அதே வீடு, அதே பத்திரங்கள், மறுபடியும் லீகல் ஃபீஸ். பழைய வங்கியின் அடமானத்தை நீக்க ரசீது ஆவணம் பதிய வேண்டும்; புதிய வங்கிக்காக உரிமை ஆவண ஒப்படைப்புப் பத்திரம் பதிந்து, கடன் தொகையில் அரை சதவீதம் முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். 50 லட்சம் ரூபாய்க்கு அது மட்டுமே 25,000 ரூபாய். முதல் கருத்துரை அவர் கையில் இருந்தால், கடன் வாங்கிய பிறகு நடந்ததை மட்டும் பார்த்தால் போதும் என்று அவர் வாதாட முடியும்.

இதற்குப் புதுச் சட்டம் தேவையில்லை. 2024 அக்டோபர் முதல் ஒவ்வொரு சில்லறைக் கடனுக்கும் முக்கிய விவர அறிக்கை தரப்பட வேண்டும். சட்டக் கட்டணம் போன்றவற்றை வங்கி வசூலித்தால், ரசீதையும் தொடர்புடைய ஆவணங்களையும் கடன்தாரருக்குத் தர வேண்டும் என்று அதற்கான ரிசர்வ் வங்கி விதியே சொல்கிறது. சட்டக் கருத்துரையும் அந்த ஆவணங்களில் ஒன்று என்று ரிசர்வ் வங்கி ஒரு வரி விளக்கம் கொடுத்தால் போதும். கடன் முடிந்த 30 நாட்களுக்குள் மூலப் பத்திரங்களைத் திருப்பித் தராவிட்டால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்று 2023-இல் உத்தரவு போட்ட அமைப்பு அது. மனம் வைத்தால் இதையும் செய்யும்.

நகல் வெளியே போனால் வழக்கறிஞர்கள் மீது வழக்குகள் குவியும் என்று மறுப்பு வரலாம். வீட்டுக் கடன் மோசடி வழக்கு ஒன்றில், சதியில் பங்கு இருந்ததற்கு ஆதாரம் இல்லாமல் தவறான கருத்துரைக்காக மட்டும் வழக்கறிஞரைக் குற்றவாளி ஆக்க முடியாது என்று 2012-இலேயே உச்ச நீதிமன்றம் கூறிவிட்டது. நேர்மையாக எழுதுபவர் அஞ்ச வேண்டியதில்லை. அவரவர் தனியாக வழக்கறிஞர் வைத்துக்கொள்ளட்டும் என்பதும் ஒரு வாதம். வைத்துக்கொள்வது நல்லதுதான், நாமும் அதையே பரிந்துரைப்போம். அதற்காக, ஏற்கெனவே காசு கொடுத்து எழுதவைத்ததை மறைப்பது எப்படி நியாயமாகும்?

விளக்கம் வரும்வரை காத்திருக்கவும் வேண்டாம். கடன் விண்ணப்பத்தோடு, கருத்துரை நகல் வேண்டும் என்று எழுத்தில் கேளுங்கள். ஒப்புகைக் கையெழுத்து வாங்குங்கள். நகல் வரும்வரை கிரயத் தேதியைக் குறிக்காதீர்கள். வங்கி மறுத்தாலோ, 30 நாட்களில் பதில் தராவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றிப் புகார் செய்யலாம்.