தேவ திட்டம் எங்கே கிடைக்கும்?

கிறிஸ்தவ வாலிபர் முகாம்களில் தவறாமல் கேட்கப்படும் கேள்வி ஒன்று உண்டு. "உன் வாழ்க்கையைக் குறித்த தேவனுடைய திட்டம் என்ன?" கடைசி நாள் ராத்திரி, கீபோர்டு மெதுவாக ஒலிக்க, பாதி விளக்குகளை அணைத்த பிறகு கேட்பார்கள். சிலர் அழுவார்கள். முழுநேர ஊழியத்துக்குத் தங்களை அர்ப்பணிக்கிறவர்கள் முன்னால் வரலாம் என்று அழைப்பு கொடுக்கப்படும். பத்துப் பேர் எழுந்து போவார்கள். மிச்சம் இருக்கிறவர்கள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருப்பார்கள், ஏதோ தேவனுக்கு "முடியாது" என்று சொல்லிவிட்ட மாதிரி. திங்கட்கிழமை காலையில் எல்லோரும் காலேஜ் பஸ்ஸில் இருப்பார்கள். முன்னால் போனவர்களும்தான்.

அந்தக் குற்ற உணர்வு சின்ன விஷயம் இல்லை. பி.காம். முடித்துவிட்டு சி.ஏ. படிக்க ஆசைப்படும் ஒரு பையனை எடுத்துக்கொள்ளுங்கள். இது தேவ சித்தமா, சொந்த ஆசையா என்று அவனுக்குப் பயம். அடையாளம் கேட்டு ஜெபிக்கிறான். ஒரு பேப்பர் போய்விட்டால் "கர்த்தர் வாசலை அடைத்துவிட்டார்" என்கிறான். (சரியாகப் படிக்காததாலும் அந்த வாசல் அடைபட்டிருக்கலாம்!) பெண் பிள்ளைகளுக்கோ வேறு மாதிரி ஆலோசனை. கல்யாணம் ஆகட்டும், அப்புறம் தேவ திட்டம் தானாகத் தெரியும் என்பார்கள். இன்னும் சில வீடுகளில் பிள்ளை பிறக்கும் முன்பே பொருத்தனை செய்திருப்பார்கள்: "இவனை ஊழியத்துக்குக் கொடுத்துவிட்டோம்." பிள்ளைக்கு இருபது வயதாகும்போது அது ஒரு கடன் பத்திரம் போலத் தலைமேல் தொங்கும். கையெழுத்துப் போட்டவர்கள் பெற்றோர், கட்ட வேண்டியவன் பிள்ளை.

ரிக் வாரன் 2002-ல் எழுதிய 'நோக்கமுள்ள வாழ்க்கை' பற்றிய புத்தகம் கோடிக்கணக்கில் விற்றது. தமிழ்ச் சபைகளிலும் அதை வைத்து 40 நாள் தியானம் நடத்தினார்கள். அந்தப் புத்தகத்தின் தொடக்கமே வாசிக்கிறவனின் பார்வையை அவனிடமிருந்து வேறு பக்கம் திருப்பத்தான் பார்க்கிறது. ஆனால் படித்தவர்கள் பலர் "எனக்கென்று ஒரு ஸ்பெஷல் திட்டம்" என்ற அளவில் அதை மடித்து வைத்துக்கொண்டார்கள். நோக்கம் என்பது எங்கோ ஒளித்து வைக்கப்பட்ட பொருள், கண்டுபிடித்தால் வாழ்க்கை, தவறவிட்டால் எல்லாம் போச்சு... இப்படி ஒரு எண்ணம் வேர்விட்டிருக்கிறது. வேதாகமத்திலும் சரி, சரித்திரத்திலும் சரி, அழைப்பு அப்படி வந்ததாகத் தெரியவில்லை.

இந்த இடத்தில் பிரசங்கங்களில் அடிக்கடி சொல்லப்படும் ஒரு கதையைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்பது நல்லது. வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைத் தொடங்கிய ஐடா ஸ்கடரின் கதை. பிரசங்கத்தில் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும். நிஜத்தில் அது ஐம்பது வருடத்துக்கு மேல் நடந்த விஷயம்.

ஐடா 1870-ல் இராணிப்பேட்டையில் பிறந்தார். அவருடைய தாத்தா ஜான் ஸ்கடர் நியூயார்க்கில் டாக்டர் தொழிலை விட்டுவிட்டு 1819-ல் இலங்கைக்குக் கப்பல் ஏறியவர். அமெரிக்காவிலிருந்து வந்த முதல் மருத்துவ மிஷனெரிகளில் ஒருவர். ஐடாவின் அப்பாவும் டாக்டர், மிஷனெரி. அப்பாவின் சகோதரர்களும் அதே வழி. ஆக, மேலே சொன்ன பொருத்தனைப் பத்திரம் ஐடாவின் தலைமேலும் தொங்கியது. அவர் அதை ஏற்கவில்லை. சின்ன வயதில் இங்கே பஞ்சத்தைப் பார்த்தவர். பிறகு அமெரிக்காவில் படித்தார். இந்தியாவின் வெயிலும் தூசியும் பசியும் போதும், அமெரிக்காவிலேயே நல்லபடியாகக் கல்யாணம் செய்துகொண்டு வாழலாம் என்பதுதான் அவருடைய "திட்டம்". 1890-ல் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று உதவிக்காகத் திண்டிவனத்துக்கு வந்தார். சீக்கிரம் திரும்பிவிடும் எண்ணத்தோடுதான்.

அந்த நாட்களில் ஒரு ராத்திரி. கதவைத் தட்டிக்கொண்டு ஒரு பிராமண இளைஞர் வந்தார். மனைவிக்குப் பிரசவ வலி, நிலைமை மோசம், வந்து காப்பாற்ற வேண்டும் என்று கேட்டார். எனக்கு வைத்தியம் தெரியாது, அப்பா டாக்டர், அவரை அழைத்துப் போங்கள் என்றார் ஐடா. வேறு ஆண் தன் மனைவியைத் தொடுவதா என்று அவர் திரும்பிப் போய்விட்டார். அதே ராத்திரி இன்னொருவர் வந்தார், முஸ்லிம். அதே வேண்டுகோள், அதே மறுப்பு. மூன்றாவதாக ஒரு முதலியார். அவரும் அப்படியே திரும்பினார். காலையில் தெருவில் பறைச்சத்தம். விசாரித்தால், மூன்று பெண்களும் இறந்துபோயிருந்தார்கள்.

ஐடா அன்றைக்கே பெற்றோரிடம் சொன்னார், டாக்டருக்குப் படிக்கப் போகிறேன், திரும்பி இங்கேதான் வருவேன் என்று.

கதையில் கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது. அந்த ராத்திரி ஐடா தன் வாழ்க்கையின் நோக்கம் என்ன என்று உபவாசம் இருந்து தேடிக்கொண்டிருந்தாரா என்றால், இல்லை. அவருக்குத் தெளிவான வேறு திட்டம் இருந்தது. வந்ததும் "நீ ஐடா, நீ தெரிந்துகொள்ளப்பட்டவள்" என்ற செய்தி அல்ல. வந்தது அடுத்தவர் வீட்டுப் பிரச்சனை. அதுவும் அவரால் தீர்க்க முடியாத பிரச்சனை. அவரிடம் திறமை இருந்ததாலும் அழைப்பு வரவில்லை. திறமை இல்லாமல் போனதன் வேதனைதான் அழைப்பாக இருந்தது. "உன் தாலந்து எதுவோ அதுதான் உன் அழைப்பு" என்று இன்று கிறிஸ்தவ கேரியர் கவுன்சலிங்கில் சொல்கிறார்களே, அதை இந்தக் கதையோடு ஒட்ட வைப்பது கஷ்டம்.

ஆனால் இதே கதைக்குள் ஒரு முள் இருக்கிறது. பிரசங்கிகள் அதைத் தாண்டிக் குதித்துவிடுவார்கள். ஒரு அமெரிக்கப் பெண்ணை அழைப்பதற்காக தேவன் மூன்று தமிழ்ப் பெண்களைச் சாகவிட்டாரா? "எல்லாம் தேவ திட்டம்" என்று ஒரே வார்த்தையில் முடித்தால் இந்தப் பயங்கரமான பதில்தான் வரும். அந்த மூன்று பேருக்கும் தேவன் கொடுத்த வாழ்க்கை என்று ஒன்று இருந்தது அல்லவா? அவர்கள் வேறொருத்தியின் சாட்சியில் வரும் உதாரணங்களா என்ன?

நல்ல சமாரியன் உவமையை இதற்குப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் கள்ளர்கள் அடித்தார்கள். சமாரியனுக்கு இரக்கம் கற்றுத்தர தேவன் அடித்ததாக இயேசு சொல்லவில்லை. சமாரியன் வேறு வேலையாகப் போய்க்கொண்டிருந்தவன். பார்த்தான், நின்றான். ஐடாவும் அப்படித்தான். அந்த மரணங்களைக் கொண்டுவந்தவை படிப்பு மறுக்கப்பட்டதும், பெண் டாக்டர்கள் இல்லாததும், உயிரைவிட வழக்கத்தைப் பெரிதாக நினைத்ததும். அவற்றைத் தேவன் தலையில் கட்ட வேண்டியதில்லை. அந்த மரணங்களுக்கு முன்னால் ஒரு மனுஷி என்ன செய்தாள் என்பதில்தான் நோக்கம் என்ற வார்த்தைக்கு இடம் இருக்கிறது.

பிரசங்கத்தில் விட்டுப்போகும் அடுத்த விஷயம், நடுவில் ஓடிய வருடங்கள். ஐடா மருத்துவம் படிக்க பிலடெல்பியாவில் பெண்கள் மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தது 1895-ல். பிறகு பெண்களையும் சேர்த்துக்கொள்ளத் தொடங்கியிருந்த கார்னெல் மருத்துவக் கல்லூரிக்கு மாறி 1899-ல் பட்டம் வாங்கினார். எலும்புகளின் பெயர்களை மனப்பாடம் செய்த ராத்திரிகளில் எந்தக் கதவும் தட்டப்படவில்லை. கிளம்புவதற்கு முன் மருத்துவமனை கட்டப் பணம் கேட்டு வீடு வீடாக ஏறி இறங்கினார். ஷெல் என்ற வங்கிக்காரர் தன் மனைவியின் நினைவாக 10,000 டாலர் கொடுத்தார். அவருக்கு எந்தத் தரிசனமும் கிடைத்ததாகக் கதை இல்லை, செக் எழுதினார். அந்தப் பணம் இல்லாவிட்டால் 1902-ல் வேலூரில் 40 படுக்கைகளோடு ஷெல் மருத்துவமனை திறந்திருக்காது. முகாமில் முன்னால் போகாமல் உட்கார்ந்திருந்த அந்த சி.ஏ. பையன் இந்த இடத்தில் கொஞ்சம் நிமிர்ந்து உட்காரலாம்.

பதினாறாம் நூற்றாண்டில் மார்ட்டின் லூதர் போட்ட சண்டைகளில் இதுவும் ஒன்று. அதுவரை "அழைப்பு" என்றால் மடத்துக்குப் போகிறவர்களுக்கு உரிய சொல். செருப்புத் தைக்கிறவருக்கும் பிள்ளைக்குத் துணி மாற்றும் தகப்பனுக்கும் அந்த வேலையே அழைப்புதான் என்றார் அவர். ஐந்நூறு வருடம் ஆகிவிட்டது. புராட்டஸ்டன்ட் சபைகளிலேயே மடம் போய் "முழுநேரம்" வந்து உட்கார்ந்துகொண்டது!

வேலூருக்கு 1900-ல் வந்து இறங்கிய ஐடாவிடம் முதலில் ஆட்கள் வரவே தயங்கினார்கள். அப்பாவும் அந்த வருடமே இறந்துபோனார். ஒரே ஒரு படுக்கையோடு வீட்டிலேயே வைத்தியம் ஆரம்பித்தார். உதவிக்கு நர்ஸ் கிடையாது. வீட்டுப் பணியாளர் குடும்பத்தைச் சேர்ந்த சலோமிக்குச் சொல்லிக்கொடுத்து உதவியாளர் ஆக்கினார். சலோமியின் பெயர் எத்தனை சாட்சிப் புத்தகங்களில் வருகிறது? ஆனால் முதல் நாட்களின் நோயாளிகளுக்கு, அவர்களுடைய பாஷையில் பேசித் தைரியம் சொல்லக்கூடிய முகம் அவர்தானே. பிறகு வாரம் ஒருமுறை குடியாத்தம் சாலையில் வண்டியை மரத்தடியில் நிறுத்தி, காத்திருக்கும் கூட்டத்துக்கு மருந்து கொடுக்கும் வழக்கம் வந்தது.

ஒருத்தி எத்தனை பேரைப் பார்க்க முடியும்? இந்தக் கணக்கு ஐடாவுக்கு உறைத்ததால்தான் 1909-ல் நர்சிங் பள்ளியும், 1918-ல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியும் வந்தன. இந்த ஊரில் டாக்டருக்குப் படிக்கப் பெண்கள் எங்கே வரப்போகிறார்கள் என்று சந்தேகப்பட்டவர்கள் இருந்தார்கள். பெண்கள் வந்தார்கள்.

இங்கேதான் கதையின் மிகக் கடினமான பகுதி. 1938-ல் மதராஸ் அரசாங்கம் டிப்ளமா படிப்பு போதாது, இனி எம்.பி.பி.எஸ். பட்டம்தான் என்று விதி கொண்டுவந்தது. ஐடாவுக்கு அப்போது 67 வயது. ஓய்வு எடுத்திருக்கலாம், வாசல் அடைபட்டது என்று சொல்லியிருக்கலாம். மறுபடி பணத்துக்கு அலைந்தார். பணமும் பல சபைகளின் ஆதரவும் வேண்டுமென்றால் ஆண்களையும் சேர்க்க வேண்டும் என்ற பேச்சு வந்தது. பெண்களுக்காகவே தொடங்கிய கல்லூரி! நெடுங்காலம் துணை நின்ற லூசி பீபாடி என்ற அமெரிக்க அம்மையார் இதைக் கடுமையாக எதிர்த்தார். ஐடாவுக்கும் லேசான முடிவு அல்ல. ஆனாலும் ஏற்றுக்கொண்டார். 1942-ல் எம்.பி.பி.எஸ். தொடங்கியது. 1947-ல் ஆண்கள் சேர்ந்தார்கள். தேவன் கொடுத்த நோக்கம் என்று நம்பிய ஒன்றின் வடிவத்தையே மாற்றச் சம்மதிப்பது, அதைத் தொடங்குவதைவிடக் கஷ்டமாக இருந்திருக்கும். "எனக்குக் கொடுக்கப்பட்ட தரிசனம்" என்று நாற்காலியைப் பிடித்துக்கொண்டு, கடைசியில் மகனிடம் மட்டும் ஒப்படைக்கும் ஊழியங்களைப் பார்க்கிறவர்களுக்கு இதன் அருமை தெரியும். ஐடா 1946-ல் பொறுப்பை டாக்டர் ஹில்டா லாசரஸ் என்ற இந்தியப் பெண்ணிடம் கொடுத்துவிட்டு விலகினார்.

அதே கல்லூரியில் படித்த மேரி வர்கீஸுக்கு நடந்தது வேறு. பெண்கள் மருத்துவத்தில் மேற்கொண்டு போக நினைத்த இளம் டாக்டர். 1954-ல் ஒரு கார் விபத்து. முதுகுத்தண்டு அடிபட்டு இடுப்புக்குக் கீழே உணர்வே இல்லை. "வாசல் அடைபட்டது" என்ற சொல்லுக்கு இதைவிடப் பொருத்தமான இடம் இருக்க முடியாது. தொழுநோயாளிகளின் கைகளைச் சரிசெய்யும் அறுவை சிகிச்சையில் பேர்பெற்ற பால் பிராண்ட் அங்கே வேலை செய்துகொண்டிருந்தார். அந்த அறுவை சிகிச்சையை உட்கார்ந்தபடியே செய்யலாமே என்றார் அவர். மேரி வீல்சேரில் இருந்துகொண்டே செய்தார். பிறகு நியூயார்க் போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பினார். 1966-ல் வேலூரில் அவர் தொடங்கிய மறுவாழ்வு மையம் இந்தியாவில் அந்த வகையில் முன்னோடி. விபத்து தேவ திட்டமா என்று கேட்டால், மேலே மூன்று பெண்களைப் பற்றிச் சொன்ன பதில்தான் இங்கேயும். விபத்து விபத்துதான். மேரி அதற்குப் பிறகும் டாக்டர்தான்.

ஐடாவின் மருத்துவப் பள்ளியிலிருந்து முதல் வகுப்பு 1922-ல் வெளியே வந்தது. 14 பெண்கள். நள்ளிரவில் கதவு தட்டப்பட்ட கதை சொல்லி அவர்களை யாரும் பிரசங்கத்தில் அழைப்பதில்லை. விண்ணப்பம் போட்டார்கள், உடற்கூறு படித்தார்கள், தேர்வு எழுதினார்கள். அதற்குப் பிறகு ராத்திரியில் யாராவது "மனைவிக்குப் பிரசவ வலி, ஆண் டாக்டர் வேண்டாம்" என்று வந்து நின்றபோது, பையை எடுத்துக்கொண்டு கூடப் போக ஆள் இருந்தது.